இறந்தால் தணிக்கை உண்டு, காயம்பட்ட தாய்க்கு?

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். வலி கண்டு உள்ளே போனவள் உயிரோடு வருவாளா என்று வாசலில் காத்துக் கிடந்த காலத்தின் சொல் அது. இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடக்கின்றன. 2018-20 கணக்கில், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர். தமிழ்நாட்டில் 54 பேர். வெயிலிலும் மழையிலும் வரப்பில் நடந்த கிராம சுகாதாரச் செவிலியர்களும், இரவு முழுக்கக் கண் விழித்த மருத்துவர்களும் சேர்ந்து சாதித்தது இது. அதை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

இந்தக் கணக்கில் வராத ஒருத்தியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது. பிரசவத்தில் சாகாமல், உடம்பு கெட்டு வீடு திரும்பியவள் அவள்.

கர்ப்ப காலத்திலோ, பிரசவத்திலோ, அதன் பிறகு 42 நாளுக்குள்ளோ பிரசவம் தொடர்பான காரணத்தால் ஒரு பெண் இறந்தால் அது தாய் மரணம். அதற்குத் தணிக்கை உண்டு. எந்த மருத்துவமனையில், எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள், எங்கே தாமதம் என்று மாவட்ட ஆட்சியர் வரை கேள்வி போகும். சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பிய தாய்மாரைப் பற்றி ஆராயவும் 2014ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இந்த இரண்டிலும் சேராதவள், சிறுநீர் ஒழுகிக்கொண்டு, கருப்பை இறங்கி, தையல் பிரிந்து, ஐந்து வருடம் பத்து வருடம் என்று உயிரோடு இருக்கிறாள். அவளுக்காக யாரும் கோப்பு திறப்பதில்லை. யாரும் கேள்வி கேட்பதுமில்லை.

என்னென்ன காயங்கள்?

வெட்கப்பட்டு நாம் பேசாமல் விட்டவற்றைப் பெயர் சொல்லியே பேசுவோம்.

பிள்ளை வெளிவரும்போது பிறப்பு வழி கிழிவது உண்டு. சிறு கிழிசல் தானே ஆறும், அல்லது இரண்டு தையலில் ஆறும். சில பெண்களுக்குக் கிழிசல் ஆசனவாய்த் தசை வரை போய்விடும். அப்போதே விரல் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்து, தேர்ந்த கைகளால் தைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பார்க்காமல் மேலாகத் தைத்து அனுப்பிவிட்டால், அந்தப் பெண்ணுக்குக் காற்றும் மலமும் அடங்காது. பஸ்ஸில் ஏறவும், கோயில் கூட்டத்தில் நிற்கவும், புருஷன் பக்கத்தில் படுக்கவும் கூசுவாள்.

வலி வந்தும் பிள்ளை இறங்காமல் மணிக்கணக்கில் தலை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால், பிள்ளையின் தலைக்கும் தாயின் எலும்புக்கும் நடுவே மாட்டிய சதை இரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போகும். சில நாள் கழித்து அந்த இடத்தில் ஓட்டை விழும். ஃபிஸ்டுலா என்பது அதுதான். சிசேரியன் செய்யும்போதோ கருப்பையை எடுக்கும்போதோ சிறுநீர்ப் பை காயப்பட்டாலும் இது வரும். பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகே ஒழுகத் தொடங்குவதால், மருத்துவமனைக் காகிதத்தில் ‘தாயும் சேயும் நலம்’ என்றே எழுதியிருக்கும்.

கருப்பை இறங்குவது இன்னொன்று. இரத்தப்போக்கை நேரத்தில் கவனிக்காமல் போய் உயிரைக் காப்பாற்றக் கருப்பையையே எடுப்பது, உள்ளே வைத்த பஞ்சையோ துணியையோ எடுக்க மறப்பது, வகை மாறிய அல்லது நோய்த் தொற்றுள்ள இரத்தத்தை ஏற்றுவது என்று பட்டியல் நீளும். பிரசவத்தால் நீண்ட காலம் நீடிக்கும் உடல்நலக் குறைவுக்கு ஆளாகும் பெண்கள் உலகில் ஆண்டுக்குக் குறைந்தது 4 கோடிப் பேர் என்று 2023ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

இந்தக் காயங்கள் எல்லாமே அலட்சியத்தால் வந்தவை என்று நாம் சொல்லவில்லை. நல்ல மருத்துவர் நல்ல முறையில் பார்த்தாலும் கிழிசல் வரலாம், இரத்தம் போகலாம். கிழிந்ததைப் பார்க்காமல் விடுவது அலட்சியம். பிள்ளை இறங்கவில்லை என்று தெரிந்தும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் காலம் கடத்துவது அலட்சியம். உள்ளே என்ன நடந்தது என்பதை அந்தப் பெண்ணிடமே மறைப்பதும் அலட்சியம்தான்.

லேபர் வார்டின் கதவுக்குப் பின்னால்

பிள்ளை சீக்கிரம் வரட்டும் என்று மேல் வயிற்றைக் கையால் அமுக்குவதை உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. தேவை இருக்கிறதா என்று பாராமல் எல்லாப் பெண்களுக்கும் பிறப்பு வழியை வெட்டித் தைப்பதையும் அது ஏற்கவில்லை. பெண் விரும்பும் ஒருவர் பிரசவம் முழுக்க உடனிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நம் காலனிகளில் பத்துப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். “மேலே ஏறி அமுக்குனாங்க” என்று சொல்பவள் இருப்பாள். “மரத்துப்போற ஊசி போடாமலே தைச்சாங்க” என்பவள் இருப்பாள். “கத்தினா தொடையில அடிச்சாங்க” என்பவளும் இருப்பாள். வசைகளை இங்கே அச்சிட முடியாது. “வருஷம் தவறாம வந்துடுறீங்க, உங்க ஜனத்துக்கு வேற வேலை இல்லையா” என்பது அவற்றில் கொஞ்சம் மென்மையானது.

அந்த ‘உங்க ஜனம்’ என்ற சொல்லில்தான் இது சாதிப் பிரச்சினையாகிறது. நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் பிரசவ ஆபத்து உண்டு. பணம் உள்ளவளுக்கும் உண்டு. அதே ஆய்வில் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 விழுக்காடு சிசேரியன். அது வேறு வகைக் கொடுமை. சேரிப் பெண்ணுக்கோ ஆபத்து பிரசவ வலிக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒன்பதாம் மாதத்திலும் குனிந்து நாற்று நடுகிறாள். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பமென்றால் மண் சுமக்கிறாள். இரத்தம் குறைந்த உடம்போடு வலி காண்கிறாள். துணைச் சுகாதார நிலையம் ஊர்த் தெருவில் இருக்கும். காலனிக்குப் போகும் பாதையில் 108 வண்டி திரும்ப இடமிருக்காது. பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாமல் மீண்டும் களை வெட்டப் போகிறாள். கருப்பை இறங்குவதற்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பிரசவத்தைத் தீட்டு என்று ஒதுக்கிய சமூகம் இது. மருத்துவச்சி வேலையையும், நஞ்சுக்கொடி புதைத்துத் தீட்டுத் துணி வெளுக்கும் வேலையையும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தலையில் கட்டியது. இன்றும் லேபர் வார்டில் இரத்தத்தைக் கழுவுகிற ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரில் பெரும்பாலோர் நம் பெண்கள்தான். அந்த அறையில் நடப்பது அவர்களுக்குத் தெரியும். வாய் திறந்தால் மறுநாள் வேலை இருக்காது என்பதும் தெரியும்.

ஒரு சொல் இல்லாததன் விலை

நாங்கள் பேசிய பெண்களில் ஒருவரும் “எனக்கு ஃபிஸ்டுலா” என்று சொன்னதில்லை. “மூத்திரம் நிக்கல”, “அடி இறங்குது”, “கீழ பாரமா இருக்கு” என்றே சொன்னார்கள். வேலூர், கடலூர், மதுரைப் பக்கம் எங்கு கேட்டாலும் கிட்டத்தட்ட இதே சொற்கள்தாம். மருத்துவமனைப் புறநோயாளி சீட்டில் இது ‘பலவீனம்’ என்றோ ‘வெள்ளைப்படுதல்’ என்றோ பதிவாகும். சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். நம் மாவட்டத்தில் ஒரு தாய் மூன்றாவது பிள்ளை பெற்ற நாளிலிருந்து ஏழு வருடம் துணி மடித்து வைத்துக்கொண்டே கூலி வேலைக்குப் போனார். மாமியாருக்குத் தெரியும், புருஷனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டாருக்கும் தெரியும். அறுவைச் சிகிச்சையால் சரி செய்யலாம் என்று மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எல்லாரும் அதைத் தலைவிதி என்று விட்டுவிட்டார்கள்.

அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு நீதி, தனியாருக்கு ஒரு நீதி

ஒரு தாய் இறந்துவிட்டால் என்ன நடக்கிறது? உடலை வாங்க மறுத்து உறவினர் சாலையில் உட்காருகிறார்கள். தாசில்தார் வருகிறார், டி.எஸ்.பி. வருகிறார், ‘நடவடிக்கை எடுப்போம்’ என்கிறார்கள். மாலைக்குள் உடல் அடக்கம். தனியார் மருத்துவமனையென்றால் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் பஞ்சாயத்து பேசி, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு தொகையைத் தருவார். ஆத்திரத்தில் நம் பையன் ஒருவன் கண்ணாடியை உடைத்தானென்றால் கதையே மாறிவிடும். மருத்துவப் பணியாளரையும் மருத்துவமனையையும் பாதுகாக்க 2008இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி வழக்கு அவன் மேல் பாயும். செத்தவளின் வழக்கு நின்றுபோகும். உடைந்த கண்ணாடியின் வழக்கு நடக்கும். இளைஞர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் மேல் கை வைப்பது தவறு. அதோடு அது நம் வழக்கையும் கொன்றுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. ஆனால் எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சேவை தரும் மருத்துவமனை அதில் வராது என்றும் சொன்னது. இதன் பொருளைக் கவனியுங்கள். காசு கட்டித் தனியாரில் பிரசவம் பார்த்தவள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு, வக்கீல் இல்லாமலேகூட, இரண்டு வருடத்துக்குள் போகலாம். கட்டணத்தைக் காப்பீடு கட்டியிருந்தாலும் போகலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. காசில்லாததால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கு அந்தக் கதவு அடைபட்டுக் கிடக்கிறது. அவள் சிவில் நீதிமன்றத்துக்கோ, சென்னைக்கோ மதுரைக்கோ உயர் நீதிமன்றத்தைத் தேடியோ போக வேண்டும். ஏழைக்குத்தான் நீதிமன்றம் தூரமாக இருக்கிறது.

குற்ற வழக்கு இன்னும் கடினம். மருத்துவர் மேல் குற்ற வழக்கு நடத்தச் சாதாரணத் தவறு போதாது, கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்றது 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வேறொரு மருத்துவரின் கருத்தை, இயன்றவரை அரசுப் பணியில் இருப்பவரின் கருத்தைப் போலீஸ் கேட்டுப் பெற வேண்டும் என்றும் அது சொன்னது. பொய் வழக்கிலிருந்து மருத்துவரைக் காக்க இது தேவைதான். ஆனால் காயம்பட்டவள் தரப்பைப் பேச அந்த மேசையில் யாரும் இல்லை.

சாதி சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழைய விடாமல் தடுப்பதும் 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைக் குற்றம். ஆனால் சாதிப் பெயரால் இழிவு செய்தது பொதுப் பார்வையில் நடந்ததாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். லேபர் வார்டில் கதவைச் சாத்திவிட்டுத் திட்டினால் யார் பார்த்தார்கள்? பிரசவத் துணையாக ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்று நாம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். தாய் பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கும். நடந்ததைச் சொல்ல ஒரு சாட்சியும் இருக்கும்.

வழியே இல்லை என்று சொல்ல வரவில்லை. கருத்தடை அறுவையை அரைகுறையாகச் செய்ததால் மறுபடியும் பிள்ளை பெற்ற அரியானாவின் ஏழைப் பெண் ஒருவர் வழக்குப் போட்டார். மருத்துவரின் அலட்சியத்துக்கு அரசே பொறுப்பு என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2010இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.முரளிதர் அளித்த தீர்ப்பு, சிகிச்சை கிடைக்காமல் இறந்த ஒரு தாய்க்காகவும் மரத்தடியில் பிள்ளை பெற்ற இன்னொரு தாய்க்காகவும் இழப்பீடு தரச் சொன்னது. பேறுகாலப் பராமரிப்பை அது வாழும் உரிமையின் பகுதியாகப் பார்த்தது. நம் ஊரிலேயே, 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது வெளியே வந்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. இரத்தம் ஏற்றிய பதிவும் பரிசோதனை முடிவும் காகிதத்தில் இருந்ததால்தான் அந்த வழக்கு நின்றது.

காகிதத்தைக் கேளுங்கள்

நம் மக்களிடம் நாம் சொல்ல வேண்டியது முதலில் இதுதான். காகிதம் இல்லாத காயத்தை எந்த ஆணையமும் நம்பாது. கர்ப்பம் பதிந்த அட்டை, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, ரெபரல் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். வலி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குச் சேர்த்தோம், டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள் என்று உடன் போகிறவர் அங்கேயே குறித்து வைக்கட்டும். உள்நோயாளியின் கேஸ் ஷீட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் கேளுங்கள். அரசு மருத்துவமனை தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

புகார் யாரிடம்? மாவட்ட, வட்ட மருத்துவமனையென்றால் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர். ஆரம்ப சுகாதார நிலையமென்றால் மாவட்ட சுகாதார அலுவலர். மருத்துவக் கல்லூரியென்றால் அதன் முதல்வர். திங்கள்கிழமை ஆட்சியரின் குறைதீர் நாளில் ஒரு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுத வேண்டும். சாதி இழிவு இருந்தால் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையத்துக்கும் எழுதலாம். வக்கீலுக்குக் காசில்லை என்று பின்வாங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டிய கடமை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு இருக்கிறது.

அரசிடம் நாம் கேட்பது

தாய் மரணத்துக்கு இருப்பது போலவே தாய்க் காயத்துக்கும் பதிவும் தணிக்கையும் வேண்டும். ஆசனவாய்த் தசை வரை கிழிந்தது, சிறுநீர்ப் பை காயப்பட்டது, கருப்பையை அவசரமாக எடுத்தது, உள்ளே துணி தங்கியது, தவறான இரத்தம் ஏற்றியது ஆகியவை மருத்துவமனை வாரியாக எண்ணப்பட வேண்டும். தாயின் சமூகமும் அதில் பதிவாக வேண்டும். சேரிப் பெண்ணுக்குக் கூடுதலாகக் காயம்படுகிறதா இல்லையா என்பதை அந்தக் கணக்கே சொல்லட்டும்.

பிரசவமாகி ஆறு வாரத்தில் வீட்டுக்கு வரும் செவிலியர் குழந்தையின் எடையை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. சிறுநீர், மலம் அடங்குகிறதா, அடி இறங்குகிறதா, தையல் வலிக்கிறதா என்று தாயிடம் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். ஆம் என்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பிரசவத் துணையை எந்தக் காரணம் சொல்லியும் மறுக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன நடந்தது என்பதைத் தமிழில் எழுத வேண்டும். அரசு மருத்துவமனையில் காயம்பட்ட தாய் உயர் நீதிமன்றப் படி ஏறாமலே இழப்பீடு பெற மாவட்ட அளவில் ஓர் ஏற்பாடு வேண்டும். காலியாகக் கிடக்கும் செவிலியர், மயக்க மருந்து மருத்துவர் இடங்களை நிரப்ப வேண்டும். ஒரே செவிலியர் இரவில் நான்கு பிரசவம் பார்த்தால் அலட்சியம் அவருடையது மட்டுமல்ல, அவரை அப்படி நிறுத்திய அரசுடையதும்தான்.

1928இல் பம்பாய் சட்ட மன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். பிள்ளை பெறும் தொழிலாளிப் பெண்ணுக்கு ஓய்வும் ஊதியமும் தருவதை நாட்டின் நலன் சார்ந்த விஷயமாக அவர் பார்த்தார். ஏறக்குறைய நூறு வருடம் கழித்தும் வயல் கூலிக்குப் போகும் நம் பெண்ணுக்கு அந்த ஓய்வு வந்து சேரவில்லை.

கிராம சபைக் கூட்டம் வருகிறபோது, சாலை, குடிநீர், தெருவிளக்கோடு இதையும் ஒரு தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கையருக்கு ஒரு வேலை சொல்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் கடைசி ஐந்து வருடத்தில் பிள்ளை பெற்ற பெண்களின் கணக்கை எடுங்கள். பெண் பிள்ளைகள் உட்கார்ந்து பேசுங்கள். அம்மா, அத்தை, சித்தி என்று முறை சொல்லிக் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் சம்மதித்ததை மட்டும் எழுதுங்கள், பெயரை வெளியே சொல்லாதீர்கள். மூத்திரம் நிற்கவில்லை என்று ஒருத்தி சொன்னால், இது தலைவிதி இல்லை, மருத்துவம் இருக்கிறது என்று சொல்லி அழைத்துப் போங்கள். அரசு எண்ணத் தொடங்கும் வரை நாம் எண்ணுவோம்.